லொறி நேரே ஓடியது எவ்வாறு?



முல்லைத்தீவு மாவட்டத்திலே, நந்திக்கடலின் மேற்குக் கரையை அடுத்து அமைந்துள்ள ஊர் வற்றாப்பளை. வைகாசி மாதத்தில் அங்கு நிகழும் கண்ணகி அம்மன் பொங்கலையும், கடல்நீரை வார்த்து எரிக்கும் விளக்கையும் அறியாதார் வன்னியில் இல்லை. முற்காலத்தில் அப்பொங்கலுக்கு அடியார்கள் மாட்டுவண்டி பூட்டி வந்தனர். பின்னர் லொறியிலும் உழவியந்திரத்திலும் பஸ்ஸிலும் வந்தனர். இவ்விரு வகை ஊர்திகளுக்கும் இடையே வேகத்தைத் தவிர வேறொரு பெரிய வேற்றுமை உண்டு. மாடு வழியறியும், லொறி வழியறியாது. வண்டிக்காரன் நடுச்சாமத்தில் வைக்கோல் மேற் கண்ணயர்ந்தாலும் காளைகள் தடத்தை விட்டு விலகமாட்டா. லொறிச் சாரதி ஒரு நொடி கண்ணயர்ந்தால் என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் ஒரு வியப்பு உண்டு. நல்ல நிலையிலுள்ள ஒரு பழைய லொறி, சமதரையான தெருவில், சாரதி சுக்கானை இலேசாகத் தொட்டிருந்த அளவிலேயே நேரே ஓடியது. வளைவில் திரும்பிய பின் சுக்கான் தானாகவே நடுவுக்கு மீண்டது. அக்காலத்து லொறியில் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் சுக்கான் உதவி, அதாவது இன்று யாவரும் 'பவர் ஸ்ரியறிங்' என்று சொல்வது, இருந்ததில்லை. அவ்வாறாயின் நான்கு தொன், ஐந்து தொன் பாரம் ஏற்றிய அந்த இரும்பு உருவத்தை நேர்வழியில் வைத்தது எது? அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல எண்ணுகின்றேன்.

மாட்டுவண்டிக்கு இரண்டு சில்லுகளே. நுகத்தடியோடு பிணைந்த நீண்ட மரம் திரும்பினால் வண்டி முழுவதும் திரும்பும். ஆகவே சுக்கான் என்ற சிக்கலே அங்கு எழவில்லை. ஐரோப்பாவின் நான்கு சில்லுக் குதிரை வண்டிகளிலேதான் அது முதலில் எழுந்தது. அவற்றின் முன்னச்சு முழுவதும் நடுவிலுள்ள ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பும். ஒரு சில்லு கல்லில் மோதினால் போதும். அச்சின் பாதி நீளமும் நெம்புகோலாகி, அச்சு முழுவதையும் ஒருபக்கம் இழுத்துவிடும். குதிரை கட்டியிருக்கும் வரை அதன் வலிமை அச்சை நேரே பிடித்துக்கொள்ளும். குதிரையை அவிழ்த்துவிட்டு மோட்டாரை வைத்தால் அந்த வேலையை மனிதனின் கை செய்ய வேண்டும். கையால் அது இயலாது.

இதற்கு விடை, மோட்டார் வாகனம் தோன்றுவதற்கு மிக முன்னரே கிடைத்துவிட்டது. யேர்மனியின் மியூனிச் நகரில் வண்டி கட்டிவந்த கியோர்க் லங்கன்ஸ்பேர்கர் என்பவர், அச்சை அசையாது நிறுத்தி, அதன் இரு முனைகளிலும் தனித்தனி ஆணிகள் வைத்து, சில்லுகள் மட்டும் திரும்புமாறு அமைத்தார். அவருடைய முகவராக இலண்டனில் இருந்த றூடொல்ப் அக்கர்மன் 1818ஆம் ஆண்டில் அங்கு அதற்குக் காப்புரிமை பெற்றார். அக்கர்மன் ஓவியப் படங்களும் புத்தகங்களும் விற்றவர்.  ஆனால் உலகெங்கும் பொறியியல் நூல்களில் அவர் பெயரே நிலைத்துவிட்டது. கண்டவரை விட்டுக் காப்புரிமை பெற்றவரைப் போற்றும் இவ்வழக்கம் வரலாற்றில் புதிதன்று.

லங்கன்ஸ்பேர்கரின் அமைப்பில் கல்லின் மோதலுக்குக் கிடைக்கும் நெம்புகோல் சில அங்குலமாகக் குறுகியது. பிற்காலத்து லொறிகளில் 'கிங்பின்' என்று சாரதிகள் அழைத்த தடித்த உருக்கு ஆணி, அந்தப் பழைய வண்டி ஆணியின் வழித்தோன்றலே. அந்த ஆணி எவ்வாறு நிறுத்தப்பட்டது என்பதிலேதான் லொறி நேரே ஓடியதன் மறைபொருள் அடங்கியிருந்தது.

துவிச்சக்கரவண்டியைச் சற்று எண்ணிப் பாருங்கள். அதன் முன்கவை செங்குத்தாக நிற்பதில்லை. மேற்பாகம் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அச்சாய்வைக் கோடாக நிலம்வரை நீட்டினால், ரயர் நிலத்தைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னே போய் விழும். ஆகவே சில்லு எப்பொழுதும் தன் திருப்பு அச்சுக்குப் பின்னால் இழுபட்டுச் செல்கிறது. நாய்க்குட்டியைக் கயிற்றில் கட்டி இழுத்தால் அது இழுப்பவன் பின்னால் நேராக வந்து சேர்வது போல, சில்லும் நேர்க்கோட்டுக்கு வந்து சேர்கிறது. துவிச்சக்கரவண்டியின் சமநிலைக்கு வேறு காரணங்களும் உண்டென்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். நமது பேச்சுக்கு இந்த ஒன்று போதும். லொறியின் கிங்பின்னையும் பொறியியலாளர் இவ்வாறே பின்னோக்கிச் சில பாகை சாய்த்து வைத்தனர். 'காஸ்ரர்' என்று அதற்குப் பெயர்.

அதே ஆணியைப் பக்கவாட்டிலும் சற்றுச் சாய்த்தனர். கீழ்முனை சில்லை நோக்கியும் மேல்முனை உள்நோக்கியும் இருக்கும். இதனால் இரண்டு நன்மைகள் கிடைத்தன. கல்லின் நெம்புகோல் மேலும் குறுகியது. அன்றியும், சில்லு ஒருபக்கம் திரும்பும்போது லொறியின் முன்புறம் மயிரிழையளவு மேலெழுந்தது. மேலெழுந்த பாரம் கீழிறங்கவே விரும்பும் அல்லவா? அந்த விருப்பமே சில்லை மீண்டும் நேராக்கியது. லொறியின் சொந்தப் பாரத்தையே அதன் வழிகாட்டியாக்கிய இவ்வேற்பாட்டை நான் மிகவும் மெச்சுகின்றேன். வில்லும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஓர் இரும்பு ஆணியின் சாய்வு மட்டுமே.

ஆனால் இதற்கு ஒரு விலை இருந்தது. நேரே ஓட விரும்பும் சில்லு, திரும்ப விரும்பாது. சாய்வை மிகுத்தால் நேர்மை மிகும். கூடவே சுக்கானின் பாரமும் மிகும். பொறியியலாளர் சாய்வில் கூட்டிய ஒவ்வொரு பாகைக்கும் சாரதியின் தோள் கணக்குக் கொடுத்தது.

அந்தப் பாரத்தைக் குறைப்பதற்குச் சுக்கான் பெட்டி பயன்பட்டது. புரித்தண்டு ஒன்று பற்சக்கரத் துண்டையோ உருளையையோ தள்ளும் அமைப்பு அது. சுக்கானை 25 பாகை திருப்பினால் சில்லு 1 பாகை திரும்பும் என்று கொள்வோம். சில்லு ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைவரை 80 பாகை திரும்ப வேண்டுமாயின், சுக்கான் 2,000 பாகை சுழல வேண்டும். அது ஐந்தரைச் சுற்றுக்கு மேல். ஒடுங்கிய கோயில் வீதியில் பாரமேற்றிய லொறியைப் பின்னெடுத்துத் திருப்பும் சாரதி, கிணற்றில் நீர் அள்ளுபவரைப் போலச் சுக்கானை மாறிமாறி இழுத்தது இதனாலேதான். அக்காலத்துச் சுக்கான் வளையம் சுளகுபோல அகன்றிருந்ததும் அலங்காரத்துக்காக அன்று. வளையம் அகன்றால் கைக்கு வலுக் கூடும். நின்ற இடத்திலேயே சுக்கானை முறிக்காதே, சில்லு சிறிது உருளத் தொடங்கிய பின் திருப்பு என்று புதிதாகப் பழகுபவருக்குச் சொல்லிக்கொடுத்ததும் இப்பாரத்தை எண்ணியே.

சுக்கான் பெட்டியைச் செய்தவர்களுக்கு இன்னொரு குழப்பமும் நேர்ந்தது. தொடக்கத்தில் சிலர், தெருவின் அதிர்ச்சி கைக்கு வரவே கூடாது என்று எண்ணிப் புரியை மிக நெருக்கமாக வெட்டினர். சுக்கான் சில்லைத் திருப்பும். சில்லு சுக்கானைத் திருப்ப இயலாது. கைக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் வளைவு முடிந்த பின்னும் சுக்கான் தானாக மீளவில்லை. தெரு எவ்வாறு இருக்கிறது என்ற செய்தியும் கைக்கு எட்டவில்லை. மணலா, சேறா, ரயரில் காற்றுக் குறைந்துவிட்டதா என்று சாரதி தன் உள்ளங்கையால் அறிந்த காலம் அது. ஆகவே அதிர்ச்சியில் ஒரு பகுதி கைக்கு வரட்டும் என்று பின்னர் விட்டுக்கொடுத்தனர். உராய்வைக் குறைக்க உருளைகளும், பிற்பாடு புரிக்குள்ளேயே ஓடிச் சுற்றிவரும் சிறு உருக்குக் குண்டுகளும் வந்தன. அக்குண்டு அமைப்பை 1940ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் தன் வாகனங்களில் புகுத்தியது. லொறிகளில் அது பல பத்தாண்டுகள் கோலோச்சியது.

விட்டுக்கொடுத்த அதிர்ச்சி சில வேளைகளில் வட்டியோடு திரும்பி வந்தது. சில்லு குழியில் விழுந்தால் சுக்கான் வளையம் திடீரெனச் சுழலும். உள்ளே மடித்த பெருவிரலை அதன் ஆரை வந்து அடித்தால் விரல் முறியும். ஆகவே பெருவிரலை வளையத்தின் உள்ளே கோக்காமல் விளிம்பின் மேலேயே வைக்க வேண்டும் என்பது பழைய சாரதிகளின் முதற்பாடம். வயல்வரம்பில் ஏறி இறங்கும் உழவியந்திரத்தை ஓட்டியவர்களுக்கும் இதுவே பாடம். மாசி பெர்குசன் ஓட்டிப் பழகிய எந்த வன்னிக் கமக்காரரிடமும் கேட்டுப்பாருங்கள்.

இனிக் கதையின் கடினமான பகுதிக்கு வருகின்றேன். 1920களில் ரயர்கள் மாறின. அதுவரை ஒடுங்கிக் கடினமாக இருந்த ரயருக்குப் பதிலாக, 1923ஆம் ஆண்டளவில் அகன்ற, குறைந்த காற்றழுத்தமுள்ள மென்மையான ரயர்கள் வந்தன. முன் சில்லுகளுக்கும் தடை பூட்டும் வழக்கம் அதே காலத்தில் பரவியது. அதனால் சில்லுகளின் பாரமும் கூடியது. உடனே உலகெங்கும் ஒரு நோய் பரவியது. குறிப்பிட்ட ஒரு வேகத்தை எட்டியதும் முன் சில்லுகள் இரண்டும் இடமும் வலமுமாக வெறிபிடித்தாற்போல் ஆடத் தொடங்கும். சுக்கான் கையில் நிற்காது. வேகத்தைக் குறைத்தால் அன்றி ஆட்டம் ஓயாது. அக்காலத்தில் மேனாடுகளில் வழங்கிய ஒரு குலுக்கல் நடனத்தின் பெயரைக்கொண்டு இதற்கு 'ஷிம்மி' என்று பெயரிட்டனர். நாம் சில்லு நடுக்கம் என்போம்.

நடுக்கத்தின் காரணத்தை அறியப் பம்பரத்தை நினைக்க வேண்டும். சுழலும் பம்பரத்தை ஒருபக்கம் சாய்க்க முயன்றால் அது வேறொரு பக்கம் திரும்பும். லொறியின் முன் சில்லுகள் இரண்டும் ஒரே அச்சின் இரு முனைகளிலுள்ள பெரும் பம்பரங்கள். வலப்புறச் சில்லு மேட்டில் ஏறினால் அச்சு முழுவதும் சாய்கிறது. சாய்ந்த பம்பரங்கள் பக்கவாட்டில் திரும்புகின்றன. மேட்டிலிருந்து இறங்கும்போது எதிர்ப்பக்கம் திரும்புகின்றன. மென்மையான ரயர் வில்போல் மீண்டும் தூக்கிக் கொடுக்கிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் அது மேன்மேலும் உயர்வது போல, அந்த ஒரு வேகத்தில் நடுக்கமும் தன்னைத்தானே வளர்த்துக்கொள்கிறது. இதிலே கொடுமை என்னவென்றால், லொறியை நேரே ஓட்டுவதற்காக வைத்த பின்சாய்வு மிதமிஞ்சினால் அதுவே நடுக்கத்தையும் தூண்டும். நேர்மைக்கு வைத்த மருந்து, அளவு தவறினால் நோயாகும்.

கார்களுக்கு இந்நோய் 1934ஆம் ஆண்டளவிலிருந்து பெரிதும் தீர்ந்தது. முன்னச்சையே நீக்கி, ஒவ்வொரு சில்லையும் தனித்தனியே தொங்கவிடும் முறை ஜெனரல் மோட்டோர்ஸ் கார்களில் அவ்வாண்டு வந்தது. றோல்ஸ் றோய்ஸிலிருந்து அங்கு சென்ற மொறிஸ் ஒல்லி என்னும் பொறியியலாளருக்கு அதில் பெரும் பங்குண்டு. ஆனால் பாரம் சுமக்கும் லொறிக்குத் தடித்த ஒற்றை அச்சே உகந்தது. இன்றைய லொறிகளிற் பெரும்பாலானவற்றிலும் அதுவே உள்ளது. எனவே லொறிக்காரர் நடுக்கத்தோடு வாழவும், அதை அடக்கவும் பழக வேண்டியிருந்தது.

அடக்கும் கருவிகள் பலவகையாக வந்தன. சுக்கான் பெட்டியிலிருந்து சில்லுக்குச் செல்லும் தண்டின் இரு முனைகளிலும், குமிழைக் கவ்வும் கிண்ணங்களுக்குப் பின்னால், சிறு வில்கள் வைத்தனர். மோதலைச் சற்று விழுங்கிக்கொள்வதற்காக இந்த ஏற்பாடு. அம்முனையின் மூடியைத் திருகும்போது இறுக முறுக்கிப் பின் அரைச் சுற்றளவு தளர்த்தி ஊசி மாட்ட வேண்டும் என்பது கராஜ்காரரின் முறை. முழுதும் இறுக்கினால் வில் வேலை செய்யாது, சுக்கான் மீளாது. மிகத் தளர்த்தினால் குமிழ் கழன்றுவிடும். கழன்றால் சாரதியின் கையில் எஞ்சுவது வெறும் வளையம். அமெரிக்க வாகனங்கள் சிலவற்றில் இடப்புற முன்வில்லின் ஒரு முனையை அசையாது பூட்டாமல், வில் வைத்த தொங்கலில் பூட்டினர். குழியில் அச்சு சற்றே பின்வாங்கி அதிர்ச்சியைத் தான் ஏற்றுக்கொண்டது.

இவை தொழிற்சாலையே செய்தவை. இவற்றுக்குப் புறம்பாக, கடையில் வாங்கி வெளியிலிருந்து பூட்டிய உதவிகளும் இருந்தன. 1908 தொடங்கி 1927 வரை விற்ற போர்ட் 'ரி' மாதிரி வண்டியின் சுக்கான் அமைதியற்றது என்று பெயரெடுத்திருந்தது. அதற்கென்றே வில் வைத்த நிலைநிறுத்திகள் பல விற்பனைக்கு வந்தன. சில்லுகள் இரண்டையும் இணைக்கும் குறுக்குத் தண்டை இருபுறமும் வில்கள் இழுத்து நடுவிலே நிறுத்தும். குழியில் விழுந்தாலும் வண்டி ஓடிப்போகாது என்பது விற்றவர் வாக்கு. வாக்கு முற்றிலும் பொய்யன்று. ஆனால் வில்லுக்கு ஒரு நடுவே தெரியும். தெரு ஒருபக்கம் சரிந்திருந்தால், அல்லது கடற்காற்றுப் பக்கவாட்டில் அடித்தால், சுக்கானைச் சற்றே ஒருபக்கம் பிடித்திருந்தால்தான் வண்டி நேரே போகும். அப்பொழுது வில் வழி முழுவதும் சாரதியோடு மல்லாடும். வளைவுகளில் அது கூட்டும் பாரம் வேறு.

மற்றொரு வகை தணிப்பான். முதலில் உராய்வுத் தட்டுகளால் ஆனவை வந்தன. அவை நடுக்கத்தை அடக்கின. ஆனால் சுக்கான் மெல்ல மீள்வதையும் கூடவே தடுத்தன. பின்னர் எண்ணெய் நிரம்பிய குழாய் வந்தது. வாகனத்தின் கீழ் நாம் காணும் சொக் அப்சோபரின் தம்பி எனலாம். எண்ணெய்க்கு ஒரு நற்குணம் உண்டு. மெல்லத் தள்ளினால் வழிவிடும், விரைந்து தள்ளினால் மறுக்கும். சாரதி சுக்கானை மெல்லத் திருப்புகிறார். நடுக்கமோ நொடிக்குப் பலமுறை அடிக்கிறது. ஆகவே எண்ணெய்த் தணிப்பான் சாரதிக்கு வழிவிட்டு நடுக்கத்தை மட்டும் மறித்தது. நம் நாட்டுத் தெருக்களில் ஒருகாலத்தில் நிறைந்திருந்த வொக்ஸ்வாகன் ஆமைக்காருக்கு 1960ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து இது பூட்டி வந்தது. வெளியிலிருந்து பூட்டிய உதவிகளுள் சிறந்தது எதுவென்று கேட்டால் இதையே சொல்வேன்.

ஆயினும் இச்சிறந்த உதவியிலும் ஓர் ஆபத்து மறைந்திருந்தது. தேய்ந்த கிங்பின், தளர்ந்த குமிழ், ஒருபுறம் பாரம் கூடிய சில்லு ஆகியவற்றின் நடுக்கத்தையும் தணிப்பான் அடக்கிவிடும். நடுக்கம் என்பது தேய்மானம் எழுப்பும் ஓலம். ஓலத்தை அடக்கிய பின் தேய்மானம் சத்தமின்றி வளரும். ஆகவே நல்ல கராஜ்காரர் தணிப்பானை நாடுமுன் முன்னச்சை ஜக்கில் தூக்கி, ரயரின் மேலும் கீழும் கைவைத்து அசைத்துப் பார்ப்பார். அசைந்தால் கிங்பின் தேய்ந்திருக்கிறது என்பது பொருள். அதன்பின் இரு ரயர்களிலும் சுற்றிவரக் கோடு கீறி, முன்புற இடைவெளி பின்புற இடைவெளியை விடச் சிறிதே, ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்களவு, ஒடுங்கியிருக்கிறதா என்று தடியால் அளப்பார். தடியும் சுண்ணக்கட்டியும் ஆணியும் போதும். ஒரு மணி நேரம் எடுக்கும். அந்த ஒரு மணி நேரத்தை மிச்சம்பிடித்தவர்களால் நேர்ந்த கேடுகள் தணிப்பான் இல்லாமையால் நேர்ந்தவற்றிலும் பல என்பது என் துணிபு.

இப்பொழுது இவற்றையெல்லாம் வன்னித் தெருக்களில் வைத்துப் பாருங்கள். வடபகுதி இருப்புப்பாதை 1905ஆம் ஆண்டில் முழுமையுற்ற பின் முல்லைத்தீவுக்கு அணித்தான புகையிரத நிலையங்களுள் மாங்குளம் ஒன்று. அங்கிருந்து ஏறத்தாழ 30 மைல் கிழக்கே முல்லைத்தீவு. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு வழியாக வரும் மற்றைத் தெரு அதினும் சற்று நீண்டது. நெல்லும் கருவாடும் மரமும் இத்தெருக்களால் வெளியே சென்றன. காட்டினூடே செல்லும் கிரவல் தெரு, மாரியில் சேறு, கடலை நெருங்க நெருங்க மணல். மணலில் முன்சில்லு கலப்பைபோல் ஆழும். தடத்துக்குள் விழுந்த சில்லு தடம் போன வழியே போகும். அங்கே சுக்கானை இறுகப் பற்றிப் போராடுபவர் தோற்பார். விரல்களுக்குள் சற்று ஆடவிட்டு, வேகம் குறையாமல் செல்பவரே கரையேறுவார்.

இந்நிலத்தில் அதிகம் உழைத்த லொறிகளுள் பெட்போர்ட் ஒன்று. இங்கிலாந்தின் லூட்டன் நகரிலுள்ள வொக்ஸ்ஹோல் நிறுவனம் 1931ஆம் ஆண்டில் அப்பெயரில் லொறி செய்யத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போரில் மட்டும் ஏறத்தாழ 2,50,000 லொறிகளை அது செய்து கொடுத்தது. மூக்கு நீண்ட பழைய பெட்போர்ட்டில் சாரதி முன்னச்சுக்குப் பின்னால் அமர்ந்தார். 1960ஆம் ஆண்டில் வந்த தட்டை முக மாதிரியில் சாரதியின் இருக்கை முன்னே நகர்ந்தது. பாரமேற்றும் தட்டும் முன்னே நீண்டது. முதலாளிக்கு இடம் கூடியது. முன்னச்சின் பாரமும், அதனால் சுக்கானின் பாரமும் கூடின.

பாரத்தைப் பற்றி ஒரு செய்தி. மிகையாக ஏற்றுவதற்கென்று லொறி உரிமையாளர் பலர் பின்வில்லில் மேலதிகத் தகடுகள் சேர்த்தனர். பாரம் ஏற்றியபோது யாவும் செவ்வையாக இருந்தது. வெறும் லொறியாகத் திரும்பும்போதோ பின்புறம் உயர்ந்து முன்புறம் தாழ்ந்து நின்றது. சட்டம் முன்னோக்கிச் சாயவே, கிங்பின்னின் பின்சாய்வும் குறைந்துவிட்டது. பாரத்தோடு நேரே சென்ற லொறி, வெறுமையாக வரும்போது தெருவில் அங்குமிங்கும் அலைந்தது. இதற்கு மருந்து கூடப் பெரிதன்று. முன்வில்லுக்கும் அச்சுக்கும் இடையே ஆப்பு வடிவான தகடு ஒன்றைச் செருகினால் இழந்த சாய்வு மீளும். தடித்த முனை எப்பக்கம் இருக்க வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மாறிச் செருகினால் உள்ள சாய்வும் போய்விடும்.

முல்லைத்தீவுக்குள் நுழையுமுன் பரந்தன் தெரு நந்திக்கடலின் வாயை வட்டுவாகல் பாலத்தால் கடக்கிறது. நீருக்குச் சற்றே மேலாக நெடுந்தூரம் செல்லும் தாழ்ந்த பாலம் அது. நெடுங்காலம் ஒரு நேரத்தில் ஒரு வாகனம் மட்டுமே செல்லும் அகலமே அதற்கு இருந்தது. இருபுறமும் நீர், பக்கவாட்டில் கடற்காற்று, மேலே பாரம், பல வேளைகளில் பாரத்தின்மேல் மனிதர். அலையும் சுக்கானோடு அப்பாலத்தில் ஏறிய சாரதிக்குக் காஸ்ரர் என்ற சொல் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆணியின் சாய்வு ஒரு பாகை குறைந்தால் என்ன நேரும் என்பதை அவருடைய உள்ளங்கை அறிந்திருந்தது.

கையின் பாரத்தை இயந்திரத்துக்கு மாற்றும் எண்ணம் தோன்றியது லொறியிலிருந்தே. அமெரிக்காவின் பியர்ஸ் அரோ நிறுவனத்து லொறிப் பிரிவில் பணியாற்றிய பிரான்சிஸ் டேவிஸ், பாரமான சுக்கானோடு சாரதிகள் படும் பாட்டை அறிந்தவர். வேலையை விட்டு விலகி, மசச்சூசற்ஸ் மாநிலத்தில் சிறு பட்டறை வைத்து, எண்ணெய் அழுத்தத்தால் சுக்கானுக்கு உதவும் அமைப்பைச் செய்தார். 1926ஆம் ஆண்டில் அதைப் பியர்ஸ் அரோக் கார் ஒன்றில் பூட்டி ஓட்டிக் காட்டினார். ஜெனரல் மோட்டோர்ஸ் அதை ஏற்றது. பொருளாதார வீழ்ச்சி வந்ததும் 1934ஆம் ஆண்டில் கைவிட்டது. பின்னர் இரண்டாம் உலகப்போரின் கவச ஊர்திகளே அதற்கு வாழ்வளித்தன. மக்கள் வாங்கும் காரில் அது வந்தது 1951ஆம் ஆண்டில், கிறைஸ்லர் இம்பீரியலில். லொறியின் துயரத்திலிருந்து பிறந்த கருவி செல்வந்தரின் காருக்கு முதலில் சென்றது. லொறிச் சாரதி மேலும் பல்லாண்டு காத்திருந்தார்.

நம் அயலிலே அக்காத்திருப்பு இன்னும் நீண்டது. சென்னை எண்ணூரில் 1948ஆம் ஆண்டில் தொடங்கிய அசோக் மோட்டோர்ஸ், 1955ஆம் ஆண்டில் அசோக் லேலண்ட் ஆயிற்று. இந்தியப் பார ஊர்திகளில் எண்ணெய்ச் சுக்கானை அது 1960களின் இறுதியில் புகுத்தியபோதும், சாதாரண லொறிகள் நெடுங்காலம் கைச்சுக்கானோடே விற்றன. திருச்சிராப்பள்ளியை அடுத்த விராலிமலையில் எண்ணெய்ச் சுக்கான் செய்யும் றானே நிறுவனத்தின் தொழிற்சாலை 1987ஆம் ஆண்டில் அமைந்த நிறுவனத்தினுடையது. முருகன் கோயிலுக்கும் மயிலுக்கும் பெயர்பெற்ற அவ்வூரிலிருந்து லொறிச் சுக்கானும் வரத் தொடங்கியது. இலங்கையில் லங்கா அசோக் லேலண்ட் 1982ஆம் ஆண்டு நிறுவப்பட்டது.

வன்னியைப் பொறுத்தவரை அதே ஆண்டுகள் போரின் ஆண்டுகள். 1990களில் எரிபொருளும் வாகன உதிரிப்பாகங்களும் அங்கு செல்வது தடைப்பட்டபோது, கைவிடப்பட வேண்டிய வயதிலிருந்த ஊர்திகள் மண்ணெண்ணெயில் மீண்டும் ஓடின. அத்தகைய நாட்களில் பழைய சுக்கானின் எளிமை உதவியது. அதிலே எண்ணெய்ப் பம்பி இல்லை. றப்பர் முத்திரை வளையங்கள் இல்லை. கிங்பின் தேய்ந்தால், கடைசல் இயந்திரமும் ஒரு வெண்கலத் துண்டும் இருந்த இடத்தில் புதிய வளையம் கடைந்து ஏற்றலாம். 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்த போரின் இறுதி மாதங்களில், இவ்வூர் மக்கள் எஞ்சிய பொருளை உழவியந்திரங்களிலும் லொறிகளிலும் ஏற்றிக்கொண்டு கிழக்கே கடற்கரையை நோக்கி இடம்பெயர்ந்தனர். அவ்வூர்திகளுட் பல திரும்பவில்லை. முள்ளிவாய்க்காலுக்கும் வட்டுவாகலுக்கும் இடைப்பட்ட வெளியில் அவற்றின் எரிந்த எச்சங்கள் ஆண்டுக்கணக்கில் கிடந்தன.

இன்று அத்தெருக்கள் தார் பூசப்பட்டு நேராக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஓடும் புதிய லொறியின் சுக்கானை ஒரு விரலால் திருப்பலாம். ஆனால் அதன் முன்னச்சின் இரு முனைகளிலும் கிங்பின் இன்றும் பின்னோக்கியும் உள்நோக்கியும் சாய்ந்தே நிற்கிறது. கையின் பாரத்தை எண்ணெய் சுமப்பதால் பொறியியலாளர் அந்தப் பின்சாய்வை அஞ்சாமல் கூட்டவும் முடிகிறது. ஓடும் வழியில் இயந்திரம் நின்றுபோனால் எண்ணெய் அழுத்தமும் நின்றுவிடும். அப்பொழுது சாரதியின் தோள், பழைய பெட்போர்ட்காரர் சுமந்த பாரத்தை முழுவதுமாகச் சுமக்க நேரிடும். சுக்கான் வளையமோ அன்றிருந்ததிலும் சிறியது.